பதினோராவது வரி

சோப்பு நுரை காதோரத்தில் பொசபொசவென்று உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அது ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று தோன்றியது. எது என்று உடனே பிடிபடவில்லை. இன்றைக்கு ஏதோ ஒன்று முடிய வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டது, சாப்பாடு இல்லை, சாப்பாட்டை நிதானமாகத்தான் சாப்பிட்டேன், ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன், கடையிலிருந்து சலூன் வரைக்கும் வெயிலில் நடந்த நடையும் இல்லை, அது நீண்டுகொண்டேதான் போனது. சென்னியப்பன் அண்ணன் என் தாடையை இரண்டு விரலால் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். கண்ணாடியிலிருந்து என் முகம் நகர்ந்துபோய்ச் சுவரில் மாட்டிய காலண்டர் வந்தது, காலண்டரின் அடியில் ஏதோ மருந்துக் கம்பெனியின் பெயர், அதைப் பார்த்ததும் பிடிபட்டது. மெசேஜ். முற்பகலில் நான் அனுப்பிய மெசேஜ். ஒவ்வொன்றும் கிளம்பிப் போக ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரமாவது ஆகும். பட்டியலில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில். அப்படியானால் நான் டீ வாங்கிக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்து, வந்து உட்கார்ந்து சோம்பல் முறித்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். டீ கிளாஸ் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் 'முடிந்தது' என்று வந்துவிட்டது. நான் பார்த்தேன், பரவாயில்லையே, இன்றைக்கு லைன் நல்லா இருக்கிறது என்று நினைத்தேன், அப்படியே தங்கமணியக்காவிடம் போய் எல்லாருக்கும் போயிடுச்சுக்கா என்று சொன்னேன். எல்லாருக்கும். அந்தச் சொல்லை நான் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்.

தங்கமணியக்கா எங்கள் மருந்துக்கடையின் தலைமை மருந்தாளுநர், நான் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன், பவானியில் பெரிய கடை, சுற்று ஊர்களில் கிளைகள். காலையில் மருந்துக் கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. ரத்தம் கட்டாமல் இருப்பதற்காகச் சாப்பிடுகிற மாத்திரை, இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், காலில் ரத்தம் உறைந்துபோனவர்கள், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று போட்டுக்கொள்வார்கள், அதில் ஒரு பேட்ச் அட்டைகளில் அச்சு மாறிப்போய்விட்டதாம், வெளியே போட்டிருப்பதைவிட உள்ளே இருப்பதற்கு வீரியம் பல மடங்கு. அந்த அட்டைகளை இந்த வாரம் முழுக்க நாங்கள் விற்றிருக்கிறோம். அக்கா போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றார், உட்காரவில்லை. "ஒருத்தரு கூட உட்டுப்போகக் கூடாது மௌலி. இது ஒரு நாள்ல கொல்றதில்ல, நேத்து போட்டதுக்கு மேல இன்னைக்குப் போட்டது ஏறி உக்காரும். தலைக்குள்ள கசிஞ்சா தலைவலின்னு நெனச்சுப் படுத்துக்குவாங்க. இன்னைக்குச் சாயங்கால மாத்தர ஒருத்தரு வாய்க்கும் போகக் கூடாது." நான் தலையாட்டினேன். அந்த அட்டையை வாங்கின எல்லாருடைய பெயரும் போன் நம்பரும் பில்லில் இருக்கிறது, அதை எடுத்து, ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பி, அனுப்பியதும் அவர் பெயரை ஒரு வரியாகத் திரையில் எழுதுகிற ஒரு சின்ன புரோகிராம், அது எனக்கு அரைமணி வேலை. செய்தேன். ஓடவிட்டேன். எப்படி ஓடவிட்டேன். விரல்கள் என்ன அடித்தன. அதுதான், அங்கேதான் இருக்கிறது, கண்ணை மூடினால் கருப்புத் திரையில் அந்த வரி தெரிகிறது, புரோகிராமின் பெயர், அப்புறம் ஒரு குத்துக்கோடு, குத்துக்கோட்டுக்குப் பக்கத்தில் ஹெட்.

குத்துக்கோடு என்றால் குழாய். ஒரு புரோகிராம் இந்த முனையில் எழுதும், இன்னொரு புரோகிராம் அந்த முனையில் வாசிக்கும். ஹெட் என்பது ரொம்பச் சின்ன ஆள், அவன் முதல் பத்து வரியை மட்டும் வாங்கித் திரையில் காட்டுவான், பத்து முடிந்ததும் தன் வேலை தீர்ந்தது என்று எழுந்து போய்விடுவான். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடையாமல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கத்தான் அவனைப் போட்டேன், பத்து பெயர் பார்த்தால் போதுமே, நூற்றுக்கணக்கான வரி திரையில் ஓடுவதை எவன் உட்கார்ந்து பார்ப்பான், கல்லூரி நாளிலிருந்தே இப்படித்தான், எதை ஓடவிட்டாலும் பின்னால் ஒரு ஹெட், கை கழுவினால் துண்டில் துடைக்கிற மாதிரி. பார்வையைத்தானே சுருக்குகிறோம், வேலை உள்ளே அதுபாட்டுக்கு நடக்கும் என்று கை நினைத்துக்கொண்டது. அப்படி இல்லை. எனக்குத் தெரியும் அப்படி இல்லையென்று, தெரிந்துதானே இத்தனை நாள் இந்த வேலை பார்க்கிறேன். வாசிக்கிறவன் எழுந்து போன பிறகு எழுதுகிறவன் அடுத்த வரியை எழுதினால் இயந்திரம் அவனுக்கு ஒரு சிக்னல் கொடுக்கும், குழாய் உடைந்துவிட்டது, அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று. அந்தச் சிக்னலைக் கையாளத் தனியாக எதுவும் சொல்லி வைக்காவிட்டால் எழுதுகிறவன் அந்த இடத்திலேயே செத்துப்போவான். கத்த மாட்டான். ஒரு எழுத்து கூட மிச்சம் வைக்க மாட்டான். "அண்ணே" என்றேன். வாயில் நுரை இருந்தது, வெளியே வந்தது ஒரு முனகல்தான். "ஆடாதீங்க தம்பி" என்றார் சென்னியப்பன் அண்ணன், "கல்யாணத்துல பிளாஸ்திரியோட நிக்கோணுமா?" நாளைக்கு என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், அதற்குத்தான் இந்தச் சவரம், மாப்பிள்ளைத் தோழன் நீங்கதானாமே, பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு கண்ணு வையுங்க என்று வந்ததிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார், நானே பெண் வீட்டுக்காரன்தான் என்று சொல்லக்கூட இன்னும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

நில், பதறாதே. எல்லா மொழியிலும் அப்படிச் சாவதில்லை. நான் எழுதின மொழியில் அந்தச் சிக்னலை அதுவே ஒதுக்கிவிடும், சாவதற்குப் பதிலாக ஒரு பிழையாக மாற்றித் திரையில் சிவப்பாகக் கத்தும். கத்தியிருந்தால் பார்த்திருப்பேன். நான் கத்தலைப் பார்க்கவில்லை, ஆகவே சாகவில்லை, ஆகவே எல்லாருக்கும் போயிருக்கிறது. மூச்சு கொஞ்சம் இறங்கியது. கத்தி காதுக்குக் கீழே மெல்ல இறங்கியது, சர்ர் என்று, அப்புறம் நின்றது. இல்லை. அந்தக் கத்தலை நான்தான் வாயடைத்து வைத்திருக்கிறேன். போன வருஷம் முதலாளி என் பின்னால் நின்று பார்த்தபோது இப்படித்தான் ஹெட் போட்டேன், பத்து வரிக்கு அப்புறம் திரை முழுக்க அந்தப் பிழைச் செய்தி கொட்டியது, என்னப்பா கெட்டுப்போச்சா என்று அவர் பயந்துவிட்டார், நான் அன்றைக்கே இன்டர்நெட்டில் தேடி ஒரு வரியைக் கண்டுபிடித்தேன், குழாய் உடைந்தால் சத்தமில்லாமல் போய்விடு என்று சொல்கிற வரி, மரியாதையான புரோகிராம் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று அங்கே எழுதியிருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. கேட்கிறவர் எழுந்து போனால் நாமும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஓசைப்படாமல் போவது. அதிலிருந்து எந்தப் புரோகிராம் எழுதினாலும் பிள்ளையார் சுழி மாதிரி உச்சியில் அதைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வெறுமனே கணக்கு காட்டுகிற புரோகிராமுக்கு அது சரி. செத்தால் என்ன, மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஆனால் இது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மனுஷருக்குச் செய்தி சொல்லிவிட்டு வருகிற புரோகிராம். இதிலும் போட்டேனா? போட்டிருப்பேன். சுழி போடாமல் நான் எழுதவே மாட்டேனே. இன்றைக்கு அவசரம், அக்கா நின்றுகொண்டே இருந்தார், ஒருவேளை போடவில்லையோ, புதுத் தாள் எடுத்தேனா, பழையதைத் திறந்து அதில் மாற்றினேனா, பழையதைத் திறந்திருந்தால் உச்சியில் அது இருந்திருக்கும். உச்சி எனக்கு ஞாபகம் வரவில்லை. நடு ஞாபகம் வருகிறது, கடைசி ஞாபகம் வருகிறது, கர்சர் துடித்த இடம்கூட ஞாபகம் வருகிறது. உச்சி மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

'முடிந்தது' வந்ததே. அதைத்தானே பிடித்துக்கொண்டு இருக்கிறேன், வேலை ஒழுங்காக முடிந்தால் மட்டும் அப்படி எழுது என்று நான்தான் கட்டளையின் வாலில் கட்டிவைத்தேன். ஆனால் அது யாரைக் கேட்டு எழுதும்? குழாயில் கடைசியாக நிற்கிறவனைக் கேட்டுத்தான் எழுதும். கடைசியாக நின்றவன் ஹெட். ஹெட் தன் பத்து வரியை ஒழுங்காக முடித்தான், நல்லபடியாக முடித்தேன் என்றுதான் சொல்லியிருப்பான், அவன் பொய் சொல்லவில்லை. பின்னால் ஒருத்தன் செத்துக் கிடப்பதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பெயர், கண்ணுக்குள் வருகிறது, அங்கம்மாள், அத்தியப்பன், அமராவதி, அய்யாவு, அருக்காணி, எல்லாம் அ. பத்தும் அ. பதினோராவது ஆள் யாரோ, அவருக்கும் போயிருக்கும், மெசேஜைக் கொடுத்துவிட்டு அவர் பெயரை எழுதப் போகும்போதுதான் அது விழுந்திருக்கும், தப்பித்ததாக யாருமே குறித்து வைக்காமல் ஒருத்தர் தப்பித்திருக்கிறார். அதற்கு அப்புறம் ஆ, இ, க, ச, ப, ம, இத்தனை எழுத்துக்கும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள் இப்போது மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டு இருப்பார்கள், எழுந்து காபி குடிப்பார்கள், ஆறு மணிக்குக் கடியாரத்தைப் பார்த்துத் தண்ணீர் மொண்டுகொள்வார்கள். என் போன் எதிரில்தான் இருக்கிறது, கண்ணாடிக்குக் கீழே பலகையில், பவுடர் டப்பா பக்கத்தில். கத்தி வைக்கும்போது போன் மடியில் துடித்து ஒருத்தர் துள்ளியதிலிருந்து இந்தச் சலூனில் அதுதான் வழக்கம், நாற்காலியில் உட்காரும் முன்னால் போனைப் பலகையில் வைத்துவிட வேண்டும். கை நீட்டினால் எட்டாது. எழுந்தால் எட்டும். எழுந்தால் என்ன சொல்வது? தப்பாக நினைத்திருந்தால், எல்லாருக்கும் போயிருந்தால், பாதி முகத்தில் நுரையோடு எழுந்து நின்று அக்காவுக்குப் போன் பண்ணி, அக்கா நான் சொன்னது நிச்சயம் இல்லை என்று சொல்லவேண்டும், அக்கா என்ன நினைப்பார், இந்தப் பக்கம் முடியட்டும், இந்தக் கன்னம் முடிந்ததும் சொல்லலாம், மேலுதடு முடிந்ததும் சொல்லலாம். ஒரு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்ல முடியாமல் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்தவன் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

சின்ன வயதில் அப்பாரு, என் தாத்தா, கதை சொல்லும்போது நான் ம் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். ம் நின்றால் கதை நின்றுவிடும், பையன் தூங்கிட்டான் என்று அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். ஒரு கதையில் ஒருத்தனைக் கிணற்றுக்குள் இறக்கி விடுவார்கள், அண்ணன்மார் ஏழு பேர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பார்கள், பாதிக் கிணறு இறங்கும்போது நான் எப்போதும் தூங்கிவிடுவேன். நடுவில் முழிப்பு வரும். இருட்டாக இருக்கும், அப்பாரு குறட்டை விடுவார், அவன் இன்னும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். அவன் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை, நான் ம் சொல்லாததனால். எழுப்பிக் கேட்கப் பயம். இருட்டைப் பார்த்து நானே மெதுவாக ம், ம் என்று சொல்லிப் பார்ப்பேன், ஒன்றும் நகராது. விடிந்ததும் மறந்துவிடும், அதுதான் ஆச்சரியம், விடிந்ததும் பல் விளக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவேன். இப்போது எனக்கு அவனுடைய முகம்கூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது, அவனுக்கு முகம் இல்லை, பெயர்தான் இருக்கிறது, பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர். சர்ர். கத்தி தாடை எலும்பின் மேல் திரும்புகிறது. என் ரத்தம் பட்டால் நிற்கும், படிகாரம் வைத்தால் நிற்கும். அவர்களுக்கு நிற்காது, வெளியே தெரிகிற இடத்தில் என்றாலாவது பார்த்துக்கொள்ளலாம், அக்கா சொன்னது தலைக்குள்ளே. தலைக்குள் கசிந்தால் எப்படி இருக்கும். இப்போது எனக்கு இருக்கிற மாதிரி இருக்குமோ, பின்மண்டையில் சூடாக, மெல்ல.

கதவின் ஸ்பிரிங் இழுபட்டது. யாரோ உள்ளே வந்தார், வெயில் முதுகில் அடித்துப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன், நாச்சிமுத்து ஐயா, நூல்மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர், எங்கள் கடை வழியாகத்தான் தினமும் பேப்பர் வாங்கப் போவார், எனக்கு வணக்கம் வைப்பார், நான் பதிலுக்குத் தலையை அசைப்பேன், அதற்குமேல் பேச்சு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். அடுத்தது தனக்கா, நேரமாகுமா என்று கேட்டார். சென்னியப்பன் அண்ணன் இதோ ஆச்சுங்க ஐயா என்றார். அவர் முகத்தைத் தடவிக்கொண்டே, "எனக்குப் பாத்துப் பண்ணு சென்னீ, பட்டுதுன்னா நிக்காது. ரத்தம் எளக்கற மாத்தர திங்கறவன் நானு" என்றார். "உங்களுக்குப் பண்றப்ப நடுங்கற மாதிரி என்ற கை வேற ஆருக்கும் நடுங்கறதில்லீங்க" என்றார் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐயா சிரித்து முடித்துவிட்டு, ரெண்டு நாளா பல்லு வெளக்குனாலே செவப்பா வருது, பிரஷ்ஷு மாத்தோணும் என்று சொன்னார், அதை யாரிடமும் சொல்லாமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நாச்சிமுத்து. ந. அ இல்லை. எங்கள் கடையில்தான் வாங்குவார், வேறு எங்கே வாங்கப் போகிறார். சென்னியப்பன் அண்ணனின் கை கத்தியோடு என் தொண்டைப் பக்கம் வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன், ரொம்ப தூரத்தில் யாருக்கோ நடப்பது போல இருந்தது, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்தது நான்தானா என்று எனக்கே நம்பிக்கையில்லை. அவர் அப்படியே உறைந்து நின்றார். நான் எழுந்தேன், கழுத்தில் கட்டின துணி கூடவே வந்தது. "ஐயா, உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பொத்தான் போன், திரையில் கீறல். மெசேஜ்களைத் திறந்தேன். கேஸ் புக் ஆனது, கடன் வேண்டுமா என்று கேட்டது, போன வாரத்துக் கரண்ட் பில். எங்கள் கடையிலிருந்து ஒன்றும் இல்லை. மறுபடி மேலே போனேன், கீழே வந்தேன். இல்லை. இனிமேல் நினைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்த உச்சி நிரம்பிவிட்டது, அந்த வரி அங்கே இருந்திருக்கிறது. பலகையிலிருந்து என் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மனசுக்குள் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன், சின்னப் பிரச்சினைக்கா, ஒரு சந்தேகம்க்கா, மறுபடி ஒருக்கா அனுப்பிடலாம்க்கா. அக்கா எடுத்ததும் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அக்கா, யாருக்கும் போகல. அ-வுல கொஞ்சம் பேருக்குப் போனதோட நின்னுருச்சு. நான் சொன்னது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் பில் போடுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுக்கிற சத்தம், உன்ற கம்ப்யூட்டர் முன்னாடிதான் நிக்கறேன், என்ன பண்ணோணும் சொல்லு என்றார். மேல் அம்புக்குறியைத் தட்டச் சொன்னேன், காலையில் அடித்தது அப்படியே வரும், அதில் நடுவில் ஒரு குத்துக்கோடு இருக்கும், அந்தக் கோட்டிலிருந்து கடைசி வரைக்கும் அழியுங்கள், கோட்டையும் சேர்த்து அழியுங்கள், ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது, படித்துக் காட்டுங்கள். படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். எண்டர் என்றேன். அங்கம்மாள் என்றார் அக்கா. அத்தியப்பன். அவங்களுக்கெல்லாம் ரெண்டாவது தடவை போகுது, போகட்டும் என்றேன். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம். பத்தாவது பெயரைச் சொன்னார், நான் கண்ணாடிப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அன்னக்கிளி" என்றார் அக்கா. பதினொன்று. அதற்கு அடுத்ததும் வந்தது. நிற்கவில்லை.

ந வரும்வரை இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். எனக்குத் திரை மேல் இனி நம்பிக்கை இல்லை, இந்தப் போன் துடிப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். சென்னியப்பன் அண்ணன் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஐயா என்ன விஷயம் என்று கேட்டார், ஒரு நிமிஷம் ஐயா என்று சொன்னேன், நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன, க எழுத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை, கந்தசாமிகள் முடிந்து, கருப்பாத்தாள்கள் முடிந்து, ச வந்து, த வந்து, கடைசியில் அக்கா நாச்சிமுத்து என்று சொன்னார், பவானி என்று ஊரையும் சேர்த்துச் சொன்னார். ஐயாவின் போன் என் உள்ளங்கையில் இருந்தது. அது துடிக்கவில்லை. அக்கா அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் காத்திருந்தேன், சில சமயம் தாமதமாகும், டவர் சரியில்லாமல் இருக்கும், அடுத்த இரண்டு பெயரும் போனது. துடிக்கவில்லை. ஐயா, கடையில பில் போடும்போது இந்த நம்பர்தானே குடுத்தீங்க என்று கேட்டேன். "எனக்கெங்க என்ற நம்பரு ஞாபகம் இருக்குது? மவன் நம்பரத்தான் சொல்லுவேன், அதுதான் மனப்பாடம். அவன் பெங்களூருல இருக்கறான்" என்றார். பெங்களூரில் ஒரு மேஜை மேல் ஒரு போன் ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்திருக்கும். மருந்துக்கடை விளம்பரம் என்று நினைத்திருப்பான். எங்கள் திரையில் வரி வந்துவிட்டது, நாச்சிமுத்து, அனுப்பியாச்சு. இந்த முறை உடைவதற்குக் குழாயே இல்லை, கடைசிவரைக்கும் ஓடப் போகிறது, நிஜமாகவே முடியப்போகிறது, அப்போதும் இவர் ஆறு மணிக்குத் தண்ணீர் மொண்டுகொள்வார்.

நான் அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன், நுரை காய்ந்து கன்னம் இழுத்தது, வார்த்தையை ஒவ்வொன்றாகச் சொன்னேன், ஐயா, இந்த வாரம் எங்க கடையில வாங்கின ரத்த மாத்திரையை இன்னைக்குச் சாப்பிடாதீங்க, அட்டை மாறிப்போச்சு, பல்லுல ரத்தம் வருது இல்லையா அது இதனாலதான், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. என்ன சொன்னேன்னு சொல்லுங்க ஐயா என்றேன். சின்னப் பையனிடம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்கும், இருந்தாலும் சொன்னார், மாத்தரயத் திங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகோணும். சென்னியப்பன் அண்ணன் வாசலில் போய் நின்று ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார், தெருக்காரன்தான், ஐயாவை ஏற்றி விட்டுவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினார், பேசுங்க தம்பி, எத்தன பேருக்கு வேணும்னாலும் பேசுங்க என்றார். ஒரு காதில் அக்கா, பெயர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன, ப. எத்தனை பேர் மகன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், மருமகள் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், மாற்றிப்போட்ட பழைய நம்பர். ஒவ்வொருத்தரிடமும் பேசினால்தான் தெரியும். மெசேஜ் பட்டியலின் மேலேயிருந்து வரட்டும், நாம் கீழேயிருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக்கொண்டு போவோம் என்று அக்காவிடம் சொன்னேன், கடைசிப் பெயரைக் கேட்டேன். ஹபீபா, அந்தியூர் என்றார், நம்பர் சொன்னார். சென்னியப்பன் அண்ணன் போனில் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, எடுக்கவில்லை, அப்புறம் ஒரு ஆள் எடுத்தார், பின்னால் தறியோ லேத்தோ பெரிய இரைச்சல், "அவங்க மவன் பேசறேன், ஆருங்க?" என்றார். நான் சொன்னேன். இரைச்சலில் கேட்கவில்லை, என்னது என்றார். நான் கத்தினேன். சலூனுக்கு வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். இப்பவே அம்மாவக் கூப்பிடுங்க, கூப்பிட்டு எனக்குச் சொல்லுங்க, நான் வெக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன் என்று கத்தினேன். அவர் இரைச்சலை விட்டு வெளியே நடந்து போவது கேட்டது, இன்னொரு போனை யாரிடமோ வாங்குவது கேட்டது, எண்களை அழுத்துவது கேட்டது. இரண்டு போன்களைத் தாண்டி, அந்தியூரில் ஏதோ ஒரு வீட்டில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிறார்களா, தலைவலி என்று படுத்திருக்கிறார்களா. நின்றது. மகன் மறுபடி அடித்தார். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு பெண்குரல், தூக்கத்திலிருந்து எழுந்த குரல், "என்னடா இந்நேரத்துல?" என்றது. மகன் சொல்ல ஆரம்பித்தார். முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை கேட்டேன், அவங்களத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க என்றேன், அந்தம்மா திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அக்காவிடம் அடுத்த நம்பரைக் கேட்டேன்.